மக்ரூன் சொல்லியாச்சு

எப்போது ஓய்வு பெறுவது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். வீட்டுக் கடன் முடிந்ததும், பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும், முழங்கால் வலி தொடங்குவதற்கு முன்னால் என்று. நான் ஒரு நாற்காலியின் மேல் வந்த கோபத்தில் ஓய்வு பெற்றேன். இதை இப்போதும் என்னால் ஆத்திரப்படாமல் சொல்ல முடியவில்லை. ஆத்திரத்தில் முக்கால் பங்கு என் மேல்தான். மீதிக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

தூத்துக்குடி துறைமுகத்து சிக்னல் ஸ்டேஷனில் எனக்கு வேலை. உயரமான கட்டடம், உச்சியில் கண்ணாடி அறை, அதற்குள் வயர்லெஸ். வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பல் முதலில் பேசுவது எங்களிடம்தான். எங்கே நங்கூரம் போட வேண்டும், எத்தனை மணிக்குள் தயாராக இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். எந்தெந்த நாட்டுக் கேப்டனோ என் குரலைக் கேட்டதும் "குட் மார்னிங் மேடம்" என்பான். நான் சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பான். (வீட்டில் நான் சொல்வதை மூன்று தரம் சொன்னாலும் "என்ன சொன்ன?" என்பார்கள்.) எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சம்பளத்துக்காக மட்டும் போனேன் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு அதிகாரி வந்தார். என் மகள் வயது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை, அதுதான் வினை. ஒரு நாள் காலையில் படியேறிப் போனால் எனக்கென்று ஒரு புது நாற்காலி. மெத்தை வைத்தது, தலை சாய்க்க இடம் இருப்பது. அதை ஜன்னல் மூலையில் போட்டிருந்தார்கள். வயர்லெஸ் மைக் மறு பக்கத்தில் இருந்தது, புதிதாகச் சேர்ந்த பையன்களின் முன்னால்.

"நீங்க இங்க சாஞ்சு உக்காருங்கம்மா. ரேடியோவப் பசங்க பாத்துக்குவாங்க. எத்தனை வருஷமா உழைச்சிட்டீங்க" என்றார் அதிகாரி.

கண்ணாடிக்கு வெளியே நான்கு கப்பல்கள் நிற்கின்றன. நான் மூலையில் சாய்ந்து உட்கார்ந்து அவற்றை வேடிக்கை பார்க்க வேண்டுமாம். எனக்குக் காது சூடாகிவிட்டது. மத்தியானத்துக்குள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து விடுவிக்கும்படி கேட்டிருந்தேன்.

அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. காலால் ஒரு உந்து உந்தியிருந்தால் மைக்குக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். இது எனக்கு மூன்றாம் நாள்தான் தோன்றியது. தோன்றியதும் உந்தினேன், வந்து நின்றது. பையன்கள் மறு பேச்சில்லாமல் விலகிக்கொண்டார்கள். அதிகாரி பார்த்துவிட்டு, "சௌகரியமா இருக்குங்களாம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால், முதுகுக்கு நன்றாகவே இருந்தது. எந்தக் காரணத்துக்காக எழுதிக் கொடுத்தேனோ அந்தக் காரணமே இல்லை. எழுதிக் கொடுத்தது மட்டும் இருந்தது.

கடைசி நாள் வரை அதைத் திரும்பப் பெறலாம் என்பது எனக்குத் தெரியும். பெறவில்லை. இங்கேதான் என் வீட்டுக்காரர் வருகிறார்.

அல்போன்ஸ் கப்பலில் போசனாக இருந்தவர், அதாவது மேல்தளத்து ஆட்களை மேய்க்கிற தலைவர். எனக்கு நான்கு வருடம் முன்பே ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். எந்த வேலையையும் ஆற அமரச் செய்கிறவர். குளியலறைக் குழாய் ஒழுகி ஒழுகித் தரையில் பாசி பிடித்த பிறகும் "பாப்போம்" என்றுதான் சொல்வார். அப்படிப்பட்டவர், நான் எழுதிக் கொடுத்த சேதியைச் சொன்ன அன்று சாயங்காலமே சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பேக்கரிக்குப் போய் மக்ரூனுக்குச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று மாதம் இருக்கும்போதே.

எங்கள் ஊரில் வேலையை விட்டுப் போகிறவர் எல்லா செக்‌ஷனுக்கும் மக்ரூன் கொடுத்தாக வேண்டும். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்துச் சுடுகிற சமாச்சாரம், வாயில் வைத்தால் கரைந்துவிடும். அதை வாங்கித் தின்றவர்கள் மனதில் ஆள் போயாச்சு. தின்ற பிறகு மறுபடியும் அதே நாற்காலியில் போய் உட்காருவது, கல்யாணச் சாப்பாடு போட்டுவிட்டுத் தாலி கட்டாமல் எழுந்து வருகிற மாதிரி. அதற்குள் ஆலந்தலையில் இருக்கும் அவருடைய தங்கச்சி வீட்டுக்கும் சேதி போய், அவர்கள் விழாவுக்கு வர வேனும் பேசிவிட்டார்கள்.

மூன்று மாதமும் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று வீம்பில் ஓட்டினேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் நேரே பேக்கரிக்குப் போய் நின்றேன். முதலில் மக்ரூனை நிறுத்த வேண்டும், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். (அதிகாரியிடம் போக வேண்டியவள் பேக்கரிக்குப் போயிருக்கிறேன். இந்த மூளையை நம்பித்தான் இத்தனை வருடம் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன.)

"அண்ணாச்சி, அந்த ஆர்டர் வேண்டாம்."

"போசன் சார் ஆர்டரா? அது சுட்டு அடுக்கியாச்சே தாயி."

"வேற யாருக்காவது குடுத்திருங்க."

"எப்படிக் குடுக்க? பெட்டி மேல ஒங்க போட்டோ இருக்குல்லா."

எடுத்துக் காட்டினார். ஆதார் அட்டையில் இருக்கிற அதே படம், முறைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே 'பணி நிறைவு வாழ்த்துகள்'. என்னை நானே வாழ்த்துகிற மாதிரி.

"நான் ரிட்டயர் ஆகப் போறதில்ல அண்ணாச்சி."

அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார். ஒரு மக்ரூனை எடுத்து என் கையில் வைத்தார். "மொதல்ல இத வாயில போடுங்க. கடைசி நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். போன மாசம் ஒரு சார் இங்கன நின்னு அழுதாவ."

வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் பிரிவுபசார விழாவிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் அல்போன்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. கூட்டம் நிறைந்திருந்தது. அவர் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் இருந்தார், ஆலந்தலை வேன் மொத்தமும் இரண்டாம் வரிசையில். அதிகாரி நெகிழ்ந்து பேசிவிட்டு, "அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சதுன்னு எனக்குத் தெரியும்" என்று பரிசைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். அதே மாதிரி ஒரு நாற்காலி. சக்கரத்தோடு.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். "எனக்குப் போக இஷ்டமில்ல. கோவத்துல எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கும் நான் வேலைக்கு வாரேன்."

கைதட்டல். ஆலந்தலை நாத்தனார் கண்ணைத் துடைத்தாள். அந்த மேடையில் ஏறிய ஒவ்வொருவரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், பிறகு மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நானே முன் வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குக் கைதட்டியிருக்கிறேன்.

"நெசமாத்தான் சொல்லுதேன்" என்று மேஜையைத் தட்டினேன்.

கைதட்டல் கூடியது. அதிகாரி கண் கலங்கி, "எப்ப வேணும்னாலும் வாங்கம்மா, இது உங்க வீடு" என்றார். கழுத்தில் மாலை விழுந்தது. முறைக்கிற என் முகம் பெட்டி பெட்டியாக வரிசைகளுக்குள் போனது. ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். எல்லார் வாயிலும் மக்ரூன், தலையை மட்டும் ஆட்டினார்கள். மாலையிலிருந்து தலையை வெளியே எடுப்பதற்குள் நாற்காலி வேனின் மேலே ஏறியிருந்தது, நான் உள்ளே இருந்தேன்.

வேன் உப்பளங்களைத் தாண்டும்போது அல்போன்ஸிடம் சொன்னேன். "நான் நெசமாத்தான் சொன்னேன்."

"தெரியும்ளா" என்றார்.

"தெரிஞ்சுமா மக்ரூன் குடுத்தீய?"

வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருந்த மக்ரூன் துகளைத் தட்டிவிட்டார். "ஒனக்குப் பேச கப்பல்காரன் எல்லாரும் உண்டு. நாலு வருசமா அந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

"நீங்க கப்பல்ல கெடந்த காலமெல்லாம் அந்த வீட்ல எனக்கு யாரு இருந்தா? நான் எந்தக் கேப்டனுக்காவது மக்ரூன் குடுத்து ஒங்கள எறக்கி விடச் சொன்னேனா?"

 பின்னால் யாரோ மக்ரூனை மெதுவாகக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய தனிமை உண்மைதான், எனக்கும் அது புரிகிறது. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள என் வேலையை எடுத்துக்கொண்டார். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

மன்னிக்கவில்லை என்பதை நான் வாயால் சொல்லிக் காட்டவில்லை, வீட்டில் இருந்து காட்டினேன். முதல் வாரத்திலேயே குழாய் சரியானது. பால்காரர் நான் சொன்ன அளவைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் தூக்குச்சட்டியை நீட்டினேன். தெருவில் யார் காரைத் திருப்பினாலும் மொட்டைமாடியிலிருந்து "பைய, பைய, வலது பக்கம்" என்று வழி சொன்னேன். அல்போன்ஸிடம் ஒன்று சொன்னால் அவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சுத் துணைக்கு ஆள் தேடியவர் இப்போது வெயில் தாழ்ந்ததும் தனியாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார். அந்த நாற்காலி கூடத்தில் கிடக்கிறது. அதில் நான் உட்கார மாட்டேன். அவர் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவேன்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஜெனி இதையெல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றிலிருந்து நான் எதற்காவது கோபப்பட்டு, இனிமேல் சமைக்க மாட்டேன், நாத்தனார் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சபதம் போட்டால், போனில் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மம்மி, மக்ரூன் சொல்லியாச்சா?" இப்போது ஆலந்தலையிலும் அதைத்தான் கேட்கிறார்களாம்.

போன வாரம் அவள் கூப்பிட்டபோது குரலே சரியில்லை. அவள் இரண்டு வருடமாகப் பார்த்த வேலையை மேனேஜர் வேறொருவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். அதோடு நில்லாமல், "நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்றும் சொன்னாராம்.

"நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வாரேன் மம்மி. என்ன யாருன்னு நெனச்சான்."

எனக்கும் காது சூடாகத்தான் செய்தது. அந்த மேனேஜர் எதிரில் இருந்தால் நானே அவனுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனாலும் கேட்டேன்.

"ஏளா, மக்ரூன் சொல்லிட்டியா?"

 "இல்ல மம்மி."

"அப்ப நாளைக்கு வேலைக்குப் போ. போயி ஒன் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கான்னு மொதல்ல பாரு."