பெஞ்சடி சார்

முத்தியால்பேட்டையில் என்னோடு வேலை பார்த்த பெஞ்சடி சாரைப் போல இன்னொரு வாத்தியார் உலகத்திலேயே கிடையாது. இருந்திருந்தால் எப்போதோ யாராவது பிடித்துக் கட்டிப்போட்டிருப்பார்கள்.

அடங்காத பிள்ளைகளைக் கவனிக்கவென்றே எங்கள் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் அவர். ஆள் பீரோ மாதிரி இருப்பார். பிள்ளை என்ன சேட்டை செய்கிறதோ, அதைத் தானும் செய்து பார்ப்பதுதான் அவர் வைத்தியம். ஒருத்தன் சுவரைப் பிறாண்டினான். இவரும் கூட நின்று பிறாண்டினார். "சொகமாத்தான் இருக்கு டீச்சர், நீங்களும் வாங்களேன்" என்று என்னை வேறு கூப்பிட்டார். கர்மம்!

என் இரண்டாம் வகுப்பு பர்வீனுக்கு மணிச் சத்தம் ஆகாது. மணி அடித்தால் பெஞ்சுக்கடியில் புகுந்துவிடுவாள். தொட்டால் கடிப்பாள். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வர்ற அன்னிக்கும் அது கீழயே கெடந்தா, டிசியக் கிழிச்சுக் குடுத்துடுவேன்." பர்வீனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் போய் சாரிடம் சொன்னேன்.

மறுநாளிலிருந்து மணி அடித்தால் இரண்டு பேர் கீழே.

"வயித்துல கைய வை பாப்பா. மூச்ச இழு. மெதுவா விடு. ஒண்ணும் ஆவல பாரு."

மேலே வகுப்பே சிரித்துக்கொண்டிருக்கும். நான் யாருக்குப் பாடம் நடத்துவது?

அதிகாரி வந்தார். மணி அடித்தது. பர்வீன் கீழே. சாரும் கீழே.

"எழுந்து வாங்க சார்!" தலைமையாசிரியை பல்லைக் கடித்தார்.

சார் எழுந்தார். பெஞ்சும் கூடவே எழுந்தது. அதன் கால்களுக்கு நடுவே அவர் வயிறு சிக்கியிருந்தது.

"ஐயோ டீச்சர், மாட்டிக்கினேன்! மூச்சு முட்டுது!"

பர்வீன் வெளியே வந்தாள். அவர் வயிற்றில் கை வைத்தாள். "கத்தாதீங்க சார். மூச்ச இழுங்க. மெதுவா விடுங்க. ஒண்ணும் ஆவல பாருங்க."

அவர் மூச்சை விட்டார். வயிறு இறங்கியது, பெஞ்சு தடாலென்று விழுந்தது, கூடவே அவரும். அதற்குள் அடுத்த மணியும் அடித்துவிட்டது. பர்வீன் கண்ணை இறுக மூடி, தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அடங்காத புள்ளன்னு சொன்னீங்களே, எது?" என்று அதிகாரி கேட்டார்.

தலைமையாசிரியை பர்வீனைப் பார்த்தார். தரையில் கிடந்த சாரைப் பார்த்தார். "புள்ள அடங்கிடுச்சுங்க. இன்னும் அடங்காதது அவருதான்."

பர்வீன் எங்களிடம்தான் படிக்கிறாள். சாரைத்தான் முதலியார்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருக்கிற அடங்காப்பிடாரிகள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.