உட்கார்ந்து செய்யும் வேலை

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தணியாவிட்டாலும் இதைக் கடைசிவரை படியுங்கள்.

"கால் தேய ஓடினது போதும். உக்காந்து பாக்குற வேலையா வாங்கித் தர்றேன்" என்றீர்கள். உங்கள் நண்பரிடம் சொல்லி அவர் மேலாளராக இருக்கும் அலுவலகத்திலேயே வாங்கியும் தந்தீர்கள். நன்றி. இப்போது திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் உட்காருவதிலேயே தொடங்குகிறது. நான் இத்தனை நாள் பரிமாறிய உணவகத்தில் வேலை நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒன்று முதலாளி, அல்லது மயங்கி விழுந்தவர். இங்கே நாற்காலிக்குச் சக்கரம் வேறு. கதவு திறந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் வாய் சும்மா இருப்பதில்லை. முதல் நாள் உள்ளே வந்தவரிடம், "வாங்க சார், எத்தனை பேரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். "நான் ஒருத்தன்தான்" என்றார். காற்று வருகிற நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். அவர் தணிக்கைக்கு வந்தவர். அந்த இடம் மேலாளருடையது.

அடுத்தது மேசை. ஆள் எழுந்தால் மேசையைச் சுத்தம் செய்துவிட வேண்டும், இது கையில் ஊறிப்போன பழக்கம், மூளையைக் கேட்டு நடப்பதில்லை, மேலாளர் போன் பேச எழுந்து வெளியே போனார், நான் பார்த்தேன், கை போய்விட்டது, காலையிலிருந்து அவர் மூன்று அடுக்காகப் பிரித்து வைத்திருந்த ஒப்பந்தத் தாள்களை ஒரே அடுக்காக்கி, ஓரம் தட்டி நேராக்கி, பாதி குடித்த காபியை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நடுவில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, இங்க என் வேலை இருந்துச்சே?"

"முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன் சார்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

பிறகு கூட்டம். குறிப்பெடுக்கச் சொன்னார்கள். அங்கே யார் பெயரும் எனக்குத் தெரியாது. உணவகத்தில் பெயர் எதற்கு, நாற்காலி போதும். எழுதினேன். ஜன்னலோரம், செலவைக் குறைக்க வேண்டும் என்கிறார். கதவோரம், எதுவானாலும் உடனே வேண்டுமாம். நடுவில் மூக்குக்கண்ணாடி, இன்னும் முடிவு செய்யவில்லை, பிறகு வந்து கேட்க வேண்டும். இது அப்படியே எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்விட்டது. அனுப்பியது நான்தான். பக்கத்து இருக்கையில் இருக்கும் கணக்குப் பிரிவு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த கூட்டத்துல எடம் மாறி உக்காந்துட்டா என்னடி பண்ணுவே?" என்றார். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அங்கே ஒரு தட்டு காலியாகத் திரும்பினால் ஒரு வேலை முடிந்தது. இங்கே எதுவும் காலியாகத் திரும்புவதில்லை. அனுப்பிய கோப்பு திருத்தத்தோடு வருகிறது. திருத்தி அனுப்பினால் சந்தேகத்தோடு வருகிறது. மாலையில் கால் வலிக்கவில்லை. என்ன செய்தேன் என்று எனக்கே தெரிவதில்லை.

நேற்று மேலாளர் கூப்பிட்டார். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு சொல்ல வேண்டிய வேளையாம். "திங்கக்கெழம பேசலாம்மா" என்றார். சமையலறையில் திரிந்த பாலைப் பார்த்து அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

ஆகவே, சித்தப்பா, அவர் அனுப்புவதற்குள் நானே போய்விடுகிறேன். உணவக முதலாளி என் இடத்தில் இடைக்காலமாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறார். நான் கேட்டால் கிண்டல் செய்வார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சேர்த்துக்கொள்வார்.

சித்திக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஆசியைக் கேட்டு, இப்படிக்கு, நாற்காலி நுனியில் இருக்கும் உங்கள் அண்ணன் மகள்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், மனசு கேட்காமல் நானே உணவகத்துக்குப் போய்விட்டேன். எத்தனை பேர் என்று கதவருகே ஒருவரும் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். சாய்ந்து, வசதியாக. ஒரு காபி சொன்னேன். கணக்குப் பிரிவு அக்கா போனில் கூப்பிட்டாரே என்று எழுந்து வெளியே போய் வருவதற்குள் அந்தப் பெண் பாதிக் காபியை எடுத்துக்கொண்டு போய், மேசையையும் துடைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதலாளி வந்து, "என்னம்மா, எப்ப வர்றே?" என்றார். "அதப் பத்தி திங்கக்கெழம பேசலாம் சார்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஆபீஸ் ஆளாயிட்டே, தாயி. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, என் கண்ணெதிரிலேயே அந்தப் பெண்ணை நிரந்தரமாக்கிவிட்டார். எனவே உணவக முதலாளியிடம் பேச வேண்டாம். மேலாளரிடம் பேசுங்கள். திங்கட்கிழமைக்குள். போனில் வேண்டாம், முழங்கால் வலித்தாலும் நேரில் போய்ப் பேசுங்கள். இது உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை.