போறேன் நைனாவும் தொங்கிய குண்டும்

“போய்ட்டு வரேன்” என்று யாராவது சொன்னால் ரத்தக்கொதிப்பு ஏறும் ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் போறேன் நைனாதான். திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த பட்டறையின் தலைமை ஃபிட்டர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

போர் விமானத்தின் வயிற்றிலிருந்து குண்டைக் கீழே தள்ளிவிடும் கருவி செய்தோம். முன்னால் ஒரு தண்டு, பின்னால் ஒரு தண்டு. காற்றழுத்தத்தில் இரண்டும் சேர்ந்து உதைக்கும். உதை பிசகினால் குண்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானத்தையே முட்டிவிடும். அதனால் கான்கிரீட் அடைத்த டம்மி குண்டைக் கூண்டில் தொங்கவிட்டு, மணல் குழியில் தள்ளிப் பார்ப்போம்.

“குண்டு தொங்கசொல்ல எவனும் ‘வரேன்’னு சொல்லாத! அது காதுல வுயுந்தா அதுவும் திரும்பிக்கினு வரும். ‘போறேன்’னு சொல்லு!” என்பார் நைனா. டீ குடிக்கப் போனாலும் அதேதான். புதிதாகக் கல்யாணமான ஒருவன் பழக்கதோஷத்தில் வீட்டிலும் “போறேன்” என்றுவிட்டான். அவன் மாமியார் கொருக்குப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து பட்டறை வாசலில் சண்டைக்கு நின்றார். நைனா அசரவில்லை. “வூட்ல யாரும்மா சொல்லச் சொன்னது? சட்டம் இங்க மட்டும்தான். இந்தா, டீ சாப்டு” என்றார்.

அப்புறம் அந்தச் சோதனை வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தோம். “இந்தத் தபா எவன் சொதப்பினாலும் அன்னியோட அவனுக்கு வேலை கெடையாது” என்று முதலாளி பொதுவாகச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். கடைசித் தோல்வி என் கைவண்ணம்.

எல்லாம் தயார். பார்வையிட வந்த அதிகாரியின் கைபேசி அடித்தது. “பேசிட்டு வரேன்” என்றார்.

நைனா பாய்ந்தார். “இன்னா சார் சொல்லிட்டீங்க! வாசலுக்குப் போய், கடலைப் பாத்துக்கினு, ‘போறேன்’னு மூணு தபா சொல்லுங்க. அப்பாலதான் பட்டன்ல கை வெப்பேன்!”

அதிகாரி முகம் சிவக்க வெளியேறினார். சமாதானப்படுத்த முதலாளி பின்னாலேயே ஓடினார். கூண்டருகே நாங்கள் இருவர் மட்டும்.

நைனா சட்டென்று கருவியில் ஏற்றியிருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, ஸ்பானரை என் கையில் திணித்தார். “கண்ணை வாடகைக்கு வுட்டுட்டியாடா? முன் தண்டுக்கு சிகப்பு வளையம், பின்னாடிக்குப் பச்சை. மாத்தி மாட்டி வெச்சிக்கீற. கழட்டு!”

இரண்டு வளையங்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். வேலை முடியும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பாவம் அந்த அதிகாரி, மூன்று முறையும் சொல்லிவிட்டுத்தான் வந்தார். மறுபடி காற்றேற்றிப் பட்டனை அமுக்கினோம். குண்டு துளி சாயாமல் மட்டமாக மணலில் இறங்கியது. “சொன்னேனா இல்லியா சார்?” என்றார் நைனா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். அந்த ஆள் லூசு என்று அதிகாரி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு, “போறேன் நைனா” என்றேன். கூண்டில் அடுத்த குண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நைனா அதை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டே இழுத்து, அதற்குக் கேட்காதபடி காதோடு காதாகச் சொன்னார்:

“போய்ட்டு வாடா.”