அரைத்திருப்பு அண்ணனும் அம்மன் கையும்

மஸ்கெலியாவில் மழைக்குக்கூட வருஷத்தில் சில நாள் ஓய்வு உண்டு. அரைத்திருப்பு அண்ணனின் சோகத்துக்கு ஓய்வே கிடையாது. வெயில் அடித்தால் “இது எத்தன நேரத்துக்கு” என்பார். மழை வந்தால் “நான் சொல்லல்ல?” என்பார். கல்யாணப் பத்திரிகை வைக்கப் பெண் வீட்டார் வந்தால் “மாப்பிள்ள பாவம்” என்று சொல்லித்தான் வாங்குவார். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பெண் பாவம்.

டவுனில் அவருடைய ரேடியோ கடைக்கும் என்னுடைய தையல் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதன் இடுக்குகளில் அவர் ஈயம் உருக்கும் புகை என் பக்கம் வரும். நானோ எதற்கும் பயப்படுகிற ஆள். சாயந்தரம் கடையைப் பூட்டும்போது இஸ்திரிப் பெட்டி அணைந்ததா என்று தொட்டுப் பார்ப்பேன். பாதி வழி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பேன். பிறகு அண்ணன் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தவன் கொடுமைக்காரன் என்று எதிர்த்த டீக்கடைக்காரர் சொல்வார்.

பட்டப்பெயர் வந்த கதை இது. மேல் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மை விமானம் வந்தது. கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அதை ஆகாயத்தில் ஓட்டுவார். ஒரு நாள் அது தேயிலை ஸ்டோரின் கூரையில் மோதிச் செத்தது. அதன் பிணத்தைக் கேட்டு வாங்கி வந்தவர் அண்ணன். வயிற்றைக் கிழித்தால் உள்ளே தீப்பெட்டி அளவில் சில மோட்டார்கள்.

சும்மா மோட்டார் கரண்ட் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை. இதற்கு மூன்று வயர். இரண்டு வயரில் கரண்ட் போகும். மூன்றாவது வயரில் நாடி மாதிரி விட்டுவிட்டுத் துடிப்பு போகும். துடிப்பு கொஞ்சம் நீண்டால் இந்தப் பக்கம் திரும்பும், கொஞ்சம் குறைந்தால் அந்தப் பக்கம். எப்படியும் அரைவட்டத்துக்கு மேல் போகாது. சொன்ன இடத்தில் போய் நிற்கும். விரலால் தள்ளிவிட்டால் முறைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வரும்.

“சுத்துறது பெரிய காரியமில்ல தங்கச்சி, அத நாய்கூட செய்யும்” என்றார் என்னிடம். “போய் நின்ன எடத்த விடாம புடிச்சிக்கிட்டிருக்கு பாருங்க, அதுதான் வேல.”

இதைக் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஊர் அவருடைய சொந்தப் பெயரை மறந்துபோனது.

மோட்டாருக்குத் துடிப்பு அனுப்ப ஒரு பலகை வைத்திருந்தார். கொழும்பில் எங்கோ படிக்கிற பிள்ளைகள் பழகிவிட்டுக் கழித்துப் போட்டது. நடுவில் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புச் சிப். ஓரத்தில் கால்குலேட்டர் பட்டன்களும் சிவப்பாய் எரியும் எழுத்துகளும். எண்ணும் இங்கிலீஸ் எழுத்துமாய் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டுவார். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ரொம்ப நாள் அதை ஏதோ வேதக்காரர் ஜெபம் என்றே நினைத்திருந்தேன். கரண்ட் போனால் பலகை அத்தனையையும் மறந்துவிடும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? அண்ணன் பெருமூச்சு விட்டு முதலிலிருந்து தட்டுவார்.

“குடுத்து வச்ச பொறப்பு தங்கச்சி. வெளக்கு அணைஞ்சா எல்லாம் மறந்துருது. நமக்குத்தான் ஒண்ணும் மறக்க மாட்டேங்குது.”

அந்த மோட்டாரால் ஊருக்கு விளைந்த நன்மைகள் கொஞ்சமல்ல. கடை வாசலில் ஆட்களை “வாங்க, வாங்க” என்று கூப்பிட ஒரு தகரக் கை வைத்தார். அது ரோட்டுப் பக்கம் நீட்டியபடி நின்றுகொண்டது. யாரோ கை காட்டுகிறார்கள் என்று அட்டன் பஸ் நின்றது. ஏற ஆளில்லை. அடுத்த பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு டீ கலக்க ஒரு கரண்டி மோட்டார் செய்தார். அரைவட்டம்தான் போகும் என்பதால் கோப்பையில் ஒரு பக்கம் இனித்தது, மறு பக்கம் கசந்தது. அடியில் சீனி அப்படியே கிடந்தது. “பாதிக்கு மேல யாருக்கு இனிச்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டு அதையே தினமும் குடித்தார். எனக்கும் தடுப்புக்கு மேலாக ஒரு கோப்பை வரும்.

செல்லாயி பெரியம்மா அங்கே வர ஆரம்பித்தது தமிழ் ஆட்களை அடித்துத் துரத்திய கலவரம் நடந்த வருஷம். மேல் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். அவருடைய ஒரே பிள்ளை கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலைக்கு இருந்தான். கடையை எரித்தார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை ரேடியோவில் வாசிப்பார்கள் என்று யாரோ சொல்ல, பெரியம்மா தன் ரேடியோவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“இதுல என்னமோ பழுது தம்பி. எல்லாரு பேரும் சொல்லுது. எம் புள்ள பேர மட்டும் சொல்ல மாட்டேங்குது.”

அண்ணன் ரேடியோவைத் திறந்தார். வெகு நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.

“ஒரு பார்ட் மாத்தணும்மா” என்றார். “வர நாளாகும்.”

பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் டவுனுக்கு இறங்கும்போது கடைக்கு வருவார். “ஆச்சா தம்பி?” “இன்னும் பார்ட் வரல்லம்மா.” உடனே அவர் முகம் தெளியும். ரேடியோ சரியாகும்வரை பிள்ளையின் பெயர் வராததற்கு ஒரு காரணம் இருந்தது.

அடுத்த வருஷம் மேல் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. கீழ்ப் பிரிவுக்காரர்கள் தங்கள் தேருக்குக் கலர் பல்பு மாலை போட்டுவிட்டார்கள். தோட்டத்துத் தலைவருக்குத் தூக்கம் போனது. அண்ணனிடம் வந்து, அம்மன் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

“அவ்வளவுதான்னு சொல்லிட்டீங்க தலவரே” என்றார் அண்ணன். “கையத் தூக்குறதுக்கு நாலு வரி எழுதுனாப் போதும். தூக்குன கை நிக்கிறதுக்குத்தான் ராவெல்லாம் எழுதணும்.”

மூங்கிலும் பேப்பரும் ஒட்டி, உள்ளே கூடாய் ஒரு அம்மன் செய்தார்கள். வலது தோளுக்குள் மோட்டார். சேலையும் ரவிக்கையும் நான் தைத்தேன். லொறி பேட்டரியும் பலகையும் அம்மனுக்குப் பின்னால், திரைக்குள்ளே. அண்ணனும் அங்கேதான். ஆடுகிற தேரில் சேலை சரிந்தால் இழுத்துவிட ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். பேட்டரி வெடிக்குமா, தேர் பள்ளத்தில் சாயுமா, சாமி காரியத்தில் மோட்டார் வைத்தால் கண் போகுமா என்று நான் வரிசையாகக் கேட்டேன். மூன்றும் நடக்கலாம் என்றார் அண்ணன்.

லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைகளில் முதல் இரண்டிலும் தேர் நின்று, தேங்காய் உடைத்ததும் அம்மன் கை அழகாய் எழுந்தது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மூன்றாவது லயத்துக்கு ஏறுகிற வளைவில் மழை பிடித்தது. நான் பலகைக்கு மேல் குடையைப் பிடித்தேன். அம்மனுக்கு யார் பிடிப்பது? பேப்பர்க் கை ஊறிக் கனத்தது. மோட்டார் தூக்கப் பார்க்கும், முடியாது, இறங்கும், மறுபடி தூக்கப் பார்க்கும். அம்மனுடைய கை வெடவெடவென்று நடுங்கியது.

வெளியே தப்பு மேளம் நின்றது. ஒரு கிழவர் சொன்னார்: “ஆத்தா எறங்கிட்டா.”

அவ்வளவுதான். தப்பு இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தது. சாமி ஆடுகிறவர்களிடம் குறி கேட்பது அங்கே வழக்கம். அம்மனே ஆடினால் விடுவார்களா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லாயி பெரியம்மா வந்தார். நனைந்த கம்பளியோடு தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

“ஆத்தா, எம் புள்ள இருக்கானா? இருந்தா கையத் தூக்கு. இல்லன்னா எறக்கிரு. நான் தாங்கிக்கிறேன்.”

அண்ணன் பலகையைப் பார்த்தார். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் இருந்த சிவப்பு எழுத்துகள் மங்கின, பிறகு அணைந்தன. பலகை எல்லாவற்றையும் மறந்துவிட்டது. திரும்பத் தட்டக் கரண்ட் இல்லை. அம்மன் கை மெல்லக் கீழே வர ஆரம்பித்தது.

அண்ணன் அம்மனின் முதுகுப் பக்கப் பேப்பரைக் கிழித்தார். தன் வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். இறங்கிக்கொண்டிருந்த அம்மன் கை பாதியில் நின்றது. பிறகு எழுந்தது. நின்றது.

வெளியே குலவை. எனக்கு முன்னால் அண்ணனுடைய முகம், மழைத் தண்ணீர் மூக்கிலிருந்து சொட்ட.

“எறக்குங்கண்ணே, போதும்” என்றேன்.

“அவங்க எந்திரிக்கட்டும்” என்றார்.

பெரியம்மா நிமிர்ந்து அந்தக் கையையே பார்த்தார். ஈரத்தில் மணிக்கட்டுப் பேப்பர் பிளந்து வருவதைக் கண்டு நான் ரவிக்கைக் கையை இழுத்துவிட்டேன். எட்டவில்லை, நான்தான் குட்டையாய்த் தைத்திருந்தேன். நல்லவேளை, பெரியம்மா ஒரு கும்பிடு போட்டுச் சட்டென்று எழுந்து போய்விட்டார். ஆனால் விஷயம் அதற்குள் மலையெல்லாம் பரவி, மிச்சமிருந்த ஒவ்வொரு லயத்திலும் ஆட்கள் கேள்வியோடு காத்திருந்தார்கள். கோயில் வரும்வரை அண்ணன் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவரை அம்மனுக்குள்ளிருந்து நானும் தலைவரும்தான் உருவி எடுத்தோம். அந்தக் கை ரொம்ப நாளைக்கு அரைவட்டத்துக்கு மேல் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் பலகையைத் தொடவே இல்லை. பொய் சொல்லிவிட்டேன் என்பார். அந்த அம்மா நம்பி உட்கார்ந்திருக்கும் என்பார். பெரியம்மா வழக்கம்போல் ஞாயிறு வந்து “ஆச்சா தம்பி?” என்பார். “புள்ள வர்றதுக்குள்ள செஞ்சு குடுத்துரு” என்று இப்போது ஒரு வார்த்தை கூடியிருந்தது. அவர் போனதும் அண்ணன் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அந்த ரேடியோவை மட்டும் தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டினார். “கேட்டா பார்ட் வரணும்னு சொல்லுங்க தங்கச்சி.” அவர் திரும்பி வரவில்லை. இப்படித்தான் ஆகும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு பெரியம்மா என் பக்கம் வந்து உட்கார்ந்தார். “இன்னும் பார்ட் வரல்ல பெரியம்மா” என்றேன்.

“ஆமா, பார்ட்டு” என்றார். “குடு புள்ள அத. அதுல ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்.”

நான் ரேடியோவை எடுத்துக் கொடுத்தேன்.

“அன்னைக்குப் பேப்பரு கிழிஞ்சு வெரலு தெரிஞ்சிச்சே. ஈயம் பட்ட வெரலு. மாரியாத்தா எந்தக் கடையில ரேடியோ செஞ்சா? பாவம், அவனுக்குக் கை வலிக்குமேன்னுதான் நான் சுருக்கா எந்திரிச்சேன்.”

“அப்புறம் ஏன் பெரியம்மா வாரா வாரம் வந்து கேட்டீங்க?”

“எனக்காக ஒருத்தன் அத்தன நேரம் கையத் தூக்கிப் புடிச்சிருக்கான். நம்பலன்னு சொன்னா அவன் மனசு விட்டுப் போயிருவான்ல?”

ரேடியோவைத் தையல் மெஷின் மேல் வைத்துக் குமிழைத் திருப்பினார். அது நன்றாகப் பாடியது. நான் எழுந்து டீ போட்டேன். கரண்டியை அரைவட்டம் ஓட்டியவள் அங்கேயே நிறுத்திவிட்டேன். அடியில் சீனி அப்படியே கிடந்தது. அதைக் கலக்கிவிட இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.