ஆகாயத்தாமரையின் பின்னால் போன புதுமாப்பிள்ளை

செடிகொடி ஆராய்ச்சி செய்யும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறவர், வெளியே கிளம்பும்போது மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது. இதை என் கணவருக்கு யாரும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிது. குற்றாலம் கூட்டிப்போனார். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அவர் முகம் வாடிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் குஷி. வெள்ளம் வயல்களில் பரவும்போது, மிதக்கும் செடிகள் விதைகளை எங்கே கொண்டு சேர்க்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி.

"அத்தான், தென்காசிப் பக்கம் சிற்றாத்து வெள்ளத்தப் பாத்துட்டுப் போவமா?" என்றேன். (பாவம், காதல் என்று நினைத்துவிட்டார்.)

கரையோரம் ஒதுங்கிய ஆகாயத்தாமரைக் கொத்தொன்றில் சிவப்பு ரிப்பனைக் கட்டித் தண்ணீரில் தள்ளினேன். அதன் வேர்களில் வேறு செடிகளின் விதைகளும் ஒட்டிக்கொண்டு பயணம் போகும். பைக்கில் பின்தொடர்ந்தோம். கொத்து, உடைந்த கரை வழியாக ஒரு வயலுக்குள் நுழைந்து நின்றது. எட்டிப் பிடிக்கலாம் என்று பச்சைப் பசேலென்ற தரையில் கால் வைத்தேன்.

அது தரையில்லை, அதுவும் ஆகாயத்தாமரைதான்.

"அத்தான்!" என்று நான் அலறியதும் வெள்ளைச் சட்டையோடு குதித்தார். குதித்த பிறகுதான், "ஏட்டி, எனக்கு நீச்சல் தெரியாதுட்டி!" என்றார். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, ஆளுக்கொரு கொத்தைக் கட்டிக்கொண்டு கத்தினோம்.

வரப்பில் மண்வெட்டியோடு நின்ற அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "எதுக்கு இந்தக் கத்து கத்துதீய? கால ஊனி நில்லுங்க!"

நின்றோம். தண்ணீர் இடுப்பளவு. அப்போதும் கணவர் என் கையை விடவில்லை.

அதற்குள் ரிப்பன் கட்டிய கொத்து எங்கோ போய்விட்டது. வழியெல்லாம் அழுதேன். வீட்டில் மாமியார் சேற்றுத் துணிகளை வாங்கிப் புறவாசலில் அலசிப்போட்டார்.

சில வாரம் கழித்து ஒரு காலை மாமியார், "ஏட்டி, இங்கன வந்து பாரு" என்று கூப்பிட்டார். துவைக்கும் கல்லடியில் கோரையும் நீர்முள்ளியும் முளைத்திருந்தன. யாரும் மிதித்துவிடாதபடி சுற்றிலும் செங்கல் அடுக்கியிருந்தார். "ஒன் படிப்புக்கு ஆவுமா?" என்றார். மறுபடியும் அழுதேன்.

"விதைகளைச் சுமந்து வந்தது எது?" என்று கேட்ட பேராசிரியரிடம், "என் வீட்டுக்காரர் பேன்ட்" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் பெயர் ஆகாயத்தாமரை. "ஏலே ஆகாயத்தாமர, சோறு ஆறுது, வா" என்றுதான் அத்தை சாப்பிடக் கூப்பிடுவார். போன மாதம் பள்ளியில் சேர்க்கும்போது, அப்பா பெயர் என்ன என்று டீச்சர் கேட்டதற்கு எங்கள் மகளும் அதையே சொன்னாள்.