அரைப் புள்ளி நரியிடம் இருந்தது

ஒரு காட்டில், கபடி என்றால் தண்ணீர் குடிக்க வந்ததைக்கூட மறந்துவிடுகிற மிருகங்கள் இருந்தன. அந்த வருஷம் எருமைக் கட்சிக்கும் முயல் கட்சிக்கும் ஆட்டம். எருமை ஜெயிக்கும் என்று ஈக்குக்கூடத் தெரியும்.

நம்ம கரடிக்கும் தெரிந்தது. மழைக்காலத்துக்குக் குட்டிகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த அஞ்சு தேனடையையும் தூக்கிக்கொண்டு நரியின் பந்தயக் கடைக்குப் போனது.

"எல்லாம் எருமை மேல" என்றது.

"தாராளமா. ஆனா எருமைக்குப் பன்னிரண்டரைப் பாரம் ஏத்தியிருக்கேன்ணே" என்றது நரி. "எருமை எடுத்த புள்ளியில பன்னிரண்டரையைக் கழிப்பேன். அப்பவும் முயலுக்கு மேல நின்னா, அஞ்சு அடையும் திரும்பி வரும், கூட அஞ்சும் வரும். நிக்கலேன்னா முயல் மேல கட்டினவங்களுக்குப் போயிரும்."

"பாரம் எதுக்குடா?"

"இல்லேன்னா ஒருத்தனும் முயல் மேல கட்ட மாட்டான். ரெண்டு பக்கமும் கட்டினாத்தானே நடுவுல நான் ஒரு நக்கு நக்க முடியும்."

கரடி காதைச் சொறிந்தது. "சரி, கபடியில அரைப் புள்ளி ஏது?"

"அது ஆட்டத்துல இல்லண்ணே. எங்கிட்ட இருக்கு."

கரடிக்குப் பாதிதான் புரிந்தது. கட்டிவிட்டது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. எருமை முப்பத்து நாலு, முயல் இருபத்திரண்டு. பாடிப்போக வேண்டியது எருமைத் தலைவர். அவரோ ஜெயித்த நிம்மதியில் தன் பக்கத்துக் கோட்டுக்குள்ளேயே படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, எந்திரிங்க. ஒரே ஒரு முயலைத் தொட்டுட்டு வாங்க" என்று கெஞ்சியது கரடி.

"எதுக்கு மாப்ளே? நாங்கதான ஜெயிச்சிருக்கோம்?"

"அந்த ஜெயிப்பு பத்தாது மாமா, அரைப் புள்ளி குறையுது."

"இதைவிட எப்படிடா ஜெயிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி வாயை அசைத்தார். அசைபோடுகிற எருமை எங்கே கபடி பாடும்?

கரடிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே குதித்து, எருமையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போய் ஒரு முயல் மேல் முட்டவிட்டது. நடுவர் கொக்கு ஒற்றைக் காலைக்கூட மாற்றவில்லை. "வெளியாள் தள்ளினது செல்லாது" என்று ஊதி, ஆட்டத்தையும் முடித்தது.

பன்னிரண்டு புள்ளியில் தோற்ற முயல்களைப் பாதிக் காடு தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. ஜெயித்த எருமைகளை மீதிப் பாதி விரட்டி விரட்டித் திட்டியது. எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்கிறோம் என்று எருமைகளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நரி மட்டும் யாரையும் திட்டாமல் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

கரடி குகைக்குத் திரும்பியது. மழை தூற ஆரம்பித்திருந்தது. வாசலிலேயே குட்டிகள்.

"அப்பா, எருமை ஜெயிச்சுதா?"

"ஜெயிச்சுது."

"அப்ப தேன்?"

கரடி வெறும் கையை விரித்துக் காட்டியது.

"தேன் தோத்துப் போச்சு."

நீதி: முழுப் புள்ளிக்கு ஓடுகிறவன் மூச்சு வாங்குவான், அரைப் புள்ளியை வைத்திருக்கிறவன் தேன் வாங்குவான். ஆகையால் பிள்ளைகளே, கபடி பழகாதீர்கள், கடை போடுங்கள்.