நாற்காலித் தைலம்

குறைகேட்பு அலுவலகத்துக்கு வரும் மக்கள் கோபமாக வருகிறார்கள் என்ற உண்மை முப்பது வருடம் கழித்து மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. குறையைத் தீர்ப்பதா, கோபத்தைத் தீர்ப்பதா என்று இரண்டு நாள் கூடிப் பேசினார்கள். இரண்டாவதுதான் எளிது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அதற்கென்று நலவாழ்வு ஆலோசகர் அம்மாள் ஒருவர் வந்தார். தேவதாரு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஆவியாக்கி அறையில் பரவவிட்டால் மனசு அடங்கும், தூக்கம் வரும், முடிகூடக் கொட்டாது என்றார். இயக்குநர் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

மனுக்களுக்கு எண் போடும் எழுத்தருக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் முதல் வாரத்திலேயே, சண்டைக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். சிலர் என்ன குறை என்பதே மறந்து வீட்டுக்குப் போனார்கள். நாட்டில் குறைகள் எண்பது சதவீதம் குறைந்துவிட்டன என்று இயக்குநர் மேலிடத்துக்கு எழுதினார். எழுத்தரும் வீட்டில் சாப்பிடும்போதே தூங்கி விழுந்தார். இவர் பேச்சு குறைந்திருப்பதால் எண்ணெய் நல்ல எண்ணெய்தான் என்று அவர் மனைவி அபிப்பிராயப்பட்டாள்.

இந்த நேரம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எண்ணெய்க்காக உயிருள்ள மரத்தை வெட்டக்கூடாது, இயற்கை வளம் வருங்காலத்துக்கும் நிலைத்திருக்க வேண்டும் என்று மூன்று பக்கத்துக்குச் சொன்னது. ஆலோசகர் அம்மாள் அசரவில்லை. ஏற்கெனவே செத்துப்போன மரத்திலிருந்து எடுத்தால் குற்றமில்லை என்றார். இயக்குநர் மெதுவாக அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்தக் கட்டடத்தின் மரச்சாமான் அத்தனையும் பழைய காலத்துத் தேவதாரு.

"இதெல்லாம் செத்த மரம்தானே?"

"ஆமாங்க சார்," என்றார் எழுத்தர். "ஆனா அதுமேல நான் உட்கார்ந்திருக்கேன்."

"அப்போ எந்திரிங்க."

முதலில் பெஞ்சுகள் போயின. உட்கார இடமில்லாமல் நின்ற மக்களுக்குக் கால் கடுத்தது, கோபம் வந்தது. கோபம் ஏறினால் சொட்டு ஏற்ற வேண்டும், சொட்டு ஏற்ற மரம் வேண்டும். ஆகவே நாற்காலிகள் போயின, பிறகு அலமாரிகள், கதவுகள். எண்ணெயின் தேவை நாளுக்கு நாள் வளர்வதே திட்டத்தின் வெற்றிக்குச் சான்று என்று அறிக்கை பெருமைப்பட்டது.

தம் மேசைக்கு ஆள் வருவதற்கு முன் எழுத்தர் முந்திக்கொண்டார். பத்தொன்பது வருடம் முழங்கை வைத்து அதன் ஓரத்தில் ஒரு குழியே விழுந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிடும்படி மனு எழுதி, தாமே எண் போட்டு, முறைப்படி மேசைமேல் வைத்தார். மறுநாள் மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனுவை வைத்துப் பரிசீலிக்க மேசை இல்லாத காரணத்தால் திருப்பி அனுப்புவதாகக் குறிப்பு வந்தது. அன்று இரவு எண்ணெயையும் மீறி அவர் விழித்தே கிடந்தார்.

அதன்பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கோப்புகளைப் போட்டுவைக்க இடம் இல்லை. வந்த கோப்பைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், கை வலித்தது, மூக்கு அரித்தால் சொறிய முடியவில்லை. அவரவர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டு அடுத்தவர் கையில் திணித்தார்கள். பத்தே நாளில் நிலுவை என்று ஒரு காகிதம் இல்லை. நாலு வருடமாகக் குழாயில் தண்ணீர் வராத ஒரு பெண்மணிக்கு மனுக்கொடுத்த மாலையே தண்ணீர் வந்தது. அவர் மறுநாள் காலையில் வெலவெலத்துப்போய் ஓடிவந்தார்.

"வேற யாரோட தண்ணியோ தெரியாம எனக்கு வந்துடுச்சு போல. என்மேல நடவடிக்கை எடுத்துடாதீங்க."

நிலுவையே இல்லாத அலுவலகம் எதற்கு என்று மேலிடம் கேட்டது. மாத முடிவில் மூடிவிட உத்தரவும் வந்தது. ஊரே பதறிப்போயிற்று. குறையென்றால் இனி எங்கே போய் நிற்பது? மேசை, நாற்காலி, பெஞ்சு எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, அலுவலகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கோரி மக்கள் மனு தயாரித்தார்கள். எழுத்தர் தம் முழுத்திறமையையும் காட்டி அதை எழுதிக்கொடுத்தார். தண்ணீர் வந்த பெண்மணி முதல் கையெழுத்து, எழுத்தரின் மனைவி இரண்டாவது. வைக்க இடமில்லாததால் அந்த மனுவும் ஒரே நாளில் ஏற்கப்பட்டது.

மரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. சுற்றறிக்கை எண்ணெய்க்காக வெட்டுவதைத்தான் தடுத்தது, பெஞ்சுக்காக வெட்டுவதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அலுவலகமும் எழுத்தர் வீடும் இருந்த தெருவில் இருபுறமும் நின்ற பதினான்கு மரங்களும் ஒரே வாரத்தில் உள்ளே வந்து சேர்ந்தன.

எழுத்தர் புது மேசையில் முழங்கை ஊன்றிய முதல் நாள், வாசல்வரை கூட்டம். முன்னால் நின்றவள் அவர் மனைவி. முகமெல்லாம் வியர்வை.

"தெருவுல நடக்க முடியலைங்க. பொட்டு நிழல் இல்லை. எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

எழுத்தர் மனுவை வாங்கி எண் போட்டு, இழுப்பறையில் வைத்து மூடினார். நேரமாகும் என்று உட்காரச் சொன்னார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னு நல்லா இருக்கே. என்ன மரம்?"

"நம்ம வாசல்ல நின்னதுதான்."

அவள் இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள், நாங்களும் உட்காரணும், கொஞ்சம் தள்ளி உட்காரம்மா என்றார்கள்.